புள்ளி மூன்று

காலை, கிளிநொச்சி நீதிமன்றம்.
சார்ஜன்ட் சிங்களத்தில் சொன்னதை
நான் தமிழில் சொன்னேன்:
பின்வேலியோரம், மாட்டுக்கொட்டிலுக்கும் கிணற்றுக்கும் நடுவில்
கஞ்சாச் செடி ஏழு.
உயரம் நாலடி, நாலரை அடி.
வேரோடு பிடுங்கி, பொலித்தீனில் கட்டி, முத்திரையிட்டது.
செல்வகாந்தன் கூண்டுக்குள் நின்று
தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"மாட்டுக்கு வயித்தோட்டம் ஐயா."
சிரித்தவர்களுக்கு அதைப் பெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

பின்னேரம், அரைநாள் லீவில்,
மாங்குளம் கமநல சேவை மண்டபம்.
அதே வாய். சேலைதான் வேறு.
கொழும்பிலிருந்து வந்தவர்
சுவரில் ஒரு பச்சை வயலை விரித்தார்.
கனடாவாம்.
நெஞ்சளவு செடிக்குள் ஒரு வெள்ளைக்காரன்
பல் தெரிய நின்றான்.
சட்டம் வரப்போகிறது, என்றேன் அவருக்காக.
அனுமதிப்பத்திரம் வரும்.
கயிறு, துணி, கடதாசி, சுவர்க்கல் எல்லாம் இதிலிருந்து வரும்.

செடிக்குப் பேர் வேண்டியிருந்தது.
"சணல்" என்றேன்.
முன்வரிசை முகத்தைச் சுளித்தது.
"அது நெல்லுக்கு முந்தி விதைச்சு
உழுது புரட்டுற மஞ்சப்பூவெல்லோ?"
"இது வேற சணல்."
"எப்பிடி வேற?"
அவர் இலையைப் பெருப்பித்துக் காட்டினார்.
ஏழு விரல்.
கடைசி வரிசையில் ஒரு பெண் இருமினாள்.
"அட, செல்வகாந்தன்ர சாமான்!"

நூற்றுக்குப் புள்ளி மூன்று, என்றேன்.
போதை அதற்குக் கீழே நின்றால் பயிர்,
தாண்டினால் குற்றம்.
வெயில் கூடி, தண்ணி பிந்தினால்
தானாக ஏறவும் கூடும்.
அளக்கிற மெஷின் கொழும்பில்.
ஏறினதை எரிக்க வேண்டும்,
கமக்காரர் செலவில்.

யானை தின்னுமோ?
நெல்லுக்கே விலை அறுப்பு முடிஞ்சுதானே வருது, இதுக்கு?
வன இலாகா கல்லு நட்ட காணியில போடலாமோ?
மூன்றாவது கேள்வியை
அவர் திருப்பிச் சொல்லச் சொன்னார்.
இரண்டு தரமும் நான் சரியாகத்தான் சொன்னேன்.

பிறகு குரலைத் தாழ்த்தினார்,
கலியாண வீட்டில் கவர் நீட்டுகிறவர் போல.
இந்த வேர்
மண்ணுக்குள் கிடக்கிற உலோகத்தை உறிஞ்சும்,
ஈயம், கட்மியம்,
உங்கள் மண்ணுக்கு இது...
அந்த "உங்கள் மண்ணில்" நான் நின்றுவிட்டேன்.
மின்விசிறி மட்டும் சுற்றியது.
அவர் என்னைப் பார்த்தார்.
சொன்னேன்.

அற்புதமலர் எழும்பினார்.
அம்பகாமத்தில் ஒன்றரை ஏக்கர்.
கண்ணிவெடிக்காரர் மூன்று தரம் கயிறு கட்டித் தேடி
நாலாம் தரம் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்ட காணி.
இன்னும் மண்வெட்டி 'ணங்' என்றால்
காலைப் பின்னுக்கு எடுக்கிறவர்.
"உறிஞ்சினது எங்க போகும் தங்கச்சி?
தண்டுக்கோ, நாருக்கோ?
அந்த நாரில
ஆர்ர பிள்ளைக்குச் சட்டை?"

சிங்களத்தில் அதற்கு ஒரு வசனம் போதும்.
நான் மூன்று எடுத்தேன்.
அவர் தண்ணீர் குடித்துவிட்டு
அடுத்த படத்துக்குப் போனார்.
நார்ச்சுவர் வீடு.
"நெருப்புப் பிடிக்காதாம்" என்றேன்.
ஒருவரும் குறித்துக்கொள்ளவில்லை.

தேத்தண்ணி, ரோல்ஸ், விருப்பப் படிவம்.
இருபத்தாறு பேரில் பதினொரு பேர் நிரப்பினார்கள்.
அற்புதமலரும்தான்.
"லோன்காரன் நெல்லோ சணலோ எண்டு
கேக்கிறானில்லையே."
ஒன்பதாவது கேள்வியில் பேனாக்கள் தயங்கின:
குடும்பத்தில் எவர் மீதாவது வழக்கு உண்டா?

பஸ் தரிப்பிடத்தில் ஒருத்தி கிட்ட வந்தாள்.
இருமினவள்.
காலை நீதிமன்ற வாங்கிலும் இருந்தவள், துசாந்தி.
நாலாக மடித்த படிவத்தை விரித்தாள்.
பேர், விலாசம், ஏக்கர், கிணறு எல்லாம் வடிவான எழுத்தில்.
"அக்கா, ஒன்பதுக்கு என்ன போட?"

எனக்குத் தெரிந்தது
அடுத்த தவணை மாசி பதினெட்டு என்பது.
அதை அவளும் அறிவாள்.
விதைப்பு எப்போது என்று
கூட்டத்தில் அவர் சொல்லவில்லை.
நான் விட்டுப் பெயர்த்ததல்ல,
அவர் சொல்லவேயில்லை.